ஏரிக்கரையில் உனக்கென்ன வேலை?

கையில் ஒரு கோணிப்பை இருந்தால் ஒரு பெண் எங்கு வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம் என்பது எனக்கு 46 வயதில்தான் தெரியவந்தது.

அதற்கு முந்தைய வருடம் அம்மா இறந்திருந்தார். மாதவிடாய் நிற்கும் காலமும் அதோடு சேர்ந்துகொண்டது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். பிறகு பால் பாக்கெட் போடும் பையனின் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். கூடவே, "மரம் செடி இருக்கிற இடமாப் பார்த்து நடங்கம்மா, மாத்திரையைக் குறைச்சிக்கலாம்" என்றார். நல்ல மருத்துவர்தான். ஆனால் சென்னைப் புறநகரில் ஒரு பெண் விடியற்காலையில் மரம் செடி இருக்கிற இடத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் அடுக்ககத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஏரி இருக்கிறது. குடிவந்து 11 வருடமாகியும் துணி உலர்த்தப் போகும்போது மொட்டைமாடியிலிருந்து பார்த்ததோடு சரி. முதல் நாள் கரைமேல் ஏறி நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "யாரைத் தேடுறீங்க?" என்றார். இரண்டாம் நாள் வயதான ஒருவர் சற்றுத் தள்ளி நின்று ரொம்ப நேரம் என்னைக் கவனித்துவிட்டுக் கிட்டே வந்தார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார். அவருடைய அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். கிணற்றடிகளிலும் ஏரிக்கரைகளிலும் எத்தனை பெண்களை நம் ஊர்கள் பறிகொடுத்திருக்கின்றன என்பது அவர் தலைமுறைக்குத் தெரியும். ஆனால், தண்ணீர் ஓரத்தில் தனியாக நிற்கிற பெண் யாருக்காகவோ காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாக வந்திருக்க வேண்டும். சும்மா நிற்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவே தோன்றாது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதி 2011இல் வந்த 'ஒய் லாய்ட்டர்?' புத்தகம் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. வெளியே இருக்கும் பெண், தான் ஒரு காரியமாகத்தான் வந்திருக்கிறேன் என்று ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எனக்கான காரியம் மூன்றாவது வாரம் கிடைத்தது. ஞாயிறு காலையில் ஏரியைச் சுத்தம் செய்யும் குழு ஒன்று எங்கள் பகுதியில் இருந்தது. கையுறை, கோணிப்பை, முகக்கவசம் கொடுத்தார்கள். அதே பைக்காரர் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, "நல்ல காரியம் பண்றீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நினைத்ததைவிட அது கடினமான வேலை. பிளாஸ்டிக்கையும் சாராய பாட்டில்களையும் பொறுக்குவது எளிது. விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு சேற்றில் புதைந்து கிடக்கும் மரச்சட்டங்களை இழுப்பது கொஞ்சம் சிரமம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஆகாயத்தாமரை. மேலே ஊதாப் பூவும் பச்சை இலையுமாகப் பார்க்க அழகாக இருக்கும். பிடித்து இழுத்தால் கருப்பு வேர்க்கொத்து தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு குடம் கனம் கனக்கும். நான்கு பேர் வரிசையாக நின்று கைமாற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேரத்தில் முதுகு விட்டுப்போகும். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் சுத்தம் செய்த இடத்தில் பாதியை அது திரும்பப் பிடித்திருக்கும்.

குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். இந்த ஏரியின் ஆயக்கட்டில் நெல் போட்டவர். அவரிடமிருந்துதான் வார்த்தைகளைக் கற்றேன். தண்ணீர் உள்ளே வருவது வரத்துக்கால்வாய். வயலுக்குப் போவது மதகு வழியாக. மிஞ்சியது வழிந்து அடுத்த ஏரிக்குப் போவது கலங்கல். மதகைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அதற்கு எதிரே எங்கள் அடுக்ககத்தின் சுற்றுச்சுவர் இருந்தது. நாங்கள் கார் நிறுத்துகிற இடம் ஒரு காலத்தில் நஞ்சை. பறவைகளுக்கும் அவர்தான் பெயர் சொன்னார்: முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம். நான் எல்லாவற்றையும் 'கொக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

மூன்றாம் மாதத்தில் தூக்கம் திரும்பியது. முழுதாக இல்லை, நாலரை மணிவரை. அதுவே எனக்குப் பெரிய வரம். கருவேல மரத்தடியில் கால்நீட்டி உட்கார்ந்து, சேறு காயும்வரை பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருப்போம். அம்மாவைப் பற்றி வீட்டில் பேச முடியாததை அங்கே பேசினேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் பின்னால் நான் எதைச் சொன்னாலும், அந்த மரத்தடி எனக்குச் செய்த நன்மையை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இயற்கை மனிதரைத் தேற்றுகிறது என்பதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஒன்றைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரம். பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். இந்த ஆய்வைப் படித்தபோது என் கவனம் வேறொன்றில் போய் நின்றது. நோயாளிகள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஆய்வாளர் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று செவிலியர்கள் எழுதிவைத்த குறிப்புகள். அதே அறைகளில் நாள் முழுக்க நின்ற அந்தப் பெண்கள் எந்த ஜன்னலைப் பார்த்தார்கள் என்று கேள்வியே எழவில்லை. அவர்கள் அங்கே வேலைக்கு வந்தவர்கள்.

நான் ஞாயிறு காலை ஆறரைக்கு ஏரிக்குப் போவதென்றால் வீட்டில் யார் இட்லி ஊற்றுவது? என் கணவர் கெட்டவர் இல்லை. கேட்டால் செய்வார், ஆனால் ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டும். எனவே எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னேன். மாதம் 800 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. அவர் வீடு ஏரியின் வடகரையில் இருக்கிற தெருவில். கரைக்கும் தெருவுக்கும் நடுவே சீமைக்கருவேலம் மட்டும்தான். நான் அவர் வீட்டுப் பக்கம் போக, அவர் என் வீட்டுப் பக்கம் வர, ஞாயிறு காலையில் நாங்கள் வழியில் ஒருவரையொருவர் தாண்டிப் போவோம்.

ஒருநாள் பெருமையாகச் சொன்னேன், உங்க ஏரியைத்தான் சுத்தம் பண்ணிட்டு வரேன் என்று. பாத்திரத்தை விளக்கிக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு அந்த ஏரி இருட்டுலதான்க்கா தெரியும்."

எனக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் தெருவில் ஏழெட்டு வீடுகளில் மட்டும்தான் கழிப்பறை. மற்ற வீட்டுப் பெண்கள் நாலரை, ஐந்து மணிக்கு, வெளிச்சம் வருவதற்கு முன்னால், மூன்று மூன்று பேராகப் போகிறார்கள். மழைக்காலத்தில் பாம்பு. மற்ற காலத்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கும் ஆண்கள். விட்டுவிட்டால் ராத்திரிதான் என்பதால் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். என் தூக்கம் கலைகிற அதே நாலரை மணிக்கு அவர் அந்தக் கரையில் ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் காலை ஆறரைக்கு இறங்கி 'இயற்கையோடு' இருந்தேன். அவர் பிறந்ததிலிருந்தே இயற்கையோடுதான் இருக்கிறார். அதனால் அவருக்கு எந்த நலமும் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியின் மறுகோடி ஊராட்சி எல்லைக்குள் வருகிறது. வார நாட்களில் அங்கே 100 நாள் வேலைப் பெண்கள் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள். சிமென்ட் சட்டியில் மண்ணை ஏற்றித் தலையில் தூக்கிப்போய்க் கரையில் கொட்டுவார்கள். பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள், ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்ப்பார்கள். எங்கள் அடுக்ககத்தில் அவர்களைப் பற்றி என்ன பேச்சு? "மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டுச் சம்பளம் வாங்கிட்டுப் போறாங்க." இந்த வசனத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இருக்க முடியாது. நானே சொல்லியிருக்கிறேன்.

அதே ஏரி, அதே மண், அதே மரத்தடி. நாங்கள் உட்கார்ந்தால் மனநலம். அவர்கள் உட்கார்ந்தால் சோம்பேறித்தனம். நாங்கள் கூலி வாங்காததால் எங்கள் வேலை உயர்ந்தது, அவர்கள் கூலி வாங்குவதால் அவர்கள் வேலை ஏமாற்று. வாங்காமல் இருக்க எங்களால் முடிகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கென்யாவில் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய், மரக்கன்று நட்ட கிராமத்துப் பெண்களுக்குப் பிழைத்த கன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுத்தார். விறகுக்கும் தண்ணீருக்கும் நாளெல்லாம் நடந்த பெண்களிடம் சும்மா வந்து நடு, புண்ணியம் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. 2004இல் அவருக்கு நொபேல் பரிசு கிடைத்தபோது நம் பத்திரிகைகள் 'மரங்களின் தாய்' என்கிற ரீதியில் எழுதின. அந்தச் சிறு தொகையைப் பற்றி எழுதியதாக நினைவில்லை.

எட்டாவது மாதம் குழுவில் ஒரு மனு தயாரானது. ஏரியின் வடகரை ஆக்கிரமிப்புகளை 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஞாயிறு வேலை முடிந்து, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். 'வடகரை' என்பது வரைபடத்தில் ஒரு கோடாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே இட்லிப் பானையைக் கழுவும் சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது.

அன்று நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் தூக்கம் போனது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். உண்மையில் நன்றாகத்தான் தூங்கினேன். ஏரியும் உடல் உழைப்பும் கொடுத்த தூக்கம் குற்ற உணர்ச்சியைப் பார்த்து ஓடிவிடவில்லை. எனக்கு இதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மன அமைதி வந்துவிட்டால் நாம் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று நம்பப் பழகியிருக்கிறோம். அமைதிக்கு அப்படி ஒரு நேர்மை கிடையாது. தவறான பக்கத்தில் நிற்பவளுக்கும் காற்று குளுமையாகத்தான் வீசும்.

பிறகு அவரே கேட்டார். நில அளவை ஆட்கள் வந்து சுவர்களில் சிவப்பு எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். "17னு போட்டிருக்காங்கக்கா. என்னாத்துக்கு?" சொன்னேன். என் கையெழுத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அழவில்லை. "உங்களுக்குத் தெரியுமா அது எங்க வீடுன்னு?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அதன்பின் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது ரேஷன் கார்டு, ஆதார், மின்கட்டண ரசீது நகல்களைக் கொண்டுவந்திருந்தார், எதையாவது எழுதித் தரச் சொல்லி. ஆதாரில் பார்த்தேன், அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். 11 வருடமாக அவர் என்னை அக்கா என்கிறார், நான் அவரைப் பெயர் சொல்லி வா, போ என்கிறேன். அன்று 'நீங்க' என்று ஆரம்பித்தேன். "என்னக்கா புதுசா?" என்று கூச்சத்தோடு சிரித்தார். அந்த 'அக்கா' போகவில்லை. இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவதுபோல் வாயால் சொல்வது இன்னும் எனக்கும் பழகவில்லை.

குழுவில் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். பெரிய விவாதமானது. என் நெருங்கிய தோழி ஒருத்தி கேட்ட கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. "2015 டிசம்பர்ல அந்தத் தெருவுலதான் கழுத்து மட்டும் தண்ணி. அடுத்த வெள்ளத்துல யாராவது செத்தா நீ பதில் சொல்வியா? ஏரி ஏரியா இருக்கணும்னா யாராவது நகரணும்ல?" நியாயமான கேள்வி. வடகரைத் தெருவில் போய்க் கேட்டாலும் இதே பதில் கிடைக்கிறது. "பக்கத்துலயே வீடு குடுத்தா நாளைக்கே போயிடுவேன்க்கா. பாம்போட இருக்க யாருக்கு ஆசை?" என்றார் அவர். ஆனால் பக்கத்தில் கொடுக்க மாட்டார்கள். சென்னையில் நீர்நிலை ஓரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். அந்தப் பகுதிகள் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய தாழ்வான நிலத்தில் இருப்பவை. செம்மஞ்சேரியில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு அது. ஓர் ஏரியைக் காப்பாற்ற எடுக்கப்பட்டவர்கள் இன்னொரு நீர்நிலையின் மடியில் வைக்கப்படுகிறார்கள். அங்கிருந்து காலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்ககத்துக்கு யார் வர முடியும்? வேலை போகும். எங்களுக்கு வேறொரு பெண் கிடைப்பார்.

யார் நகர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர் இல்லை என்பதற்குச் சென்னையே சாட்சி. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் தியாகராய நகர், 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய இடம். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. நகர வளர்ச்சி என்பார்கள்.

'மக்கள் ஒன்றுகூடி ஏரியைக் காத்த பொற்காலம்' என்று எங்கள் குழுவில் அடிக்கடி பேச்சு வரும். குடிமராமத்து என்ற சொல்லைச் சொல்லும்போது எல்லோர் குரலிலும் ஓர் உருக்கம் வரும். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 1858இல் கம்பெனி ஆட்சி சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்தில் வேலைக்கு வரவும், வழக்கமான ஏரிப் பராமரிப்பு வேலைகளைச் செய்யவும் ஆட்களைக் கட்டாயப்படுத்தலாம் என்றது அது. எல்லோரும் மனமுவந்து மண்வெட்டியோடு வந்திருந்தால் எதற்குச் சட்டம்? வரப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர், மண் சுமந்தவர் இன்னொருவர். மண் சுமந்த சாதிக்கு அந்தத் தண்ணீரில் இறங்க உரிமை இருந்ததா என்பது அடுத்த கேள்வி. 1927 மார்ச் 20 அன்று மஹாத் ஊரின் சவதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க, ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். பிறகு குளத்தைச் சாணமும் கோமியமும் விட்டுத் 'தூய்மை' செய்தார்கள். நீரைத் தொட்டால் மனம் லேசாகும் என்று நாம் எழுதுகிறோம். இந்த நாட்டில் நீரைத் தொடுவதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. 'ஏரி சுத்தம்' என்று பேனர் கட்டும்போதெல்லாம் மஹாத்தின் அந்தத் தூய்மை எனக்கு இப்போது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

பெண்ணுக்கும் இயற்கைக்கும் தனி உறவு உண்டு என்று சொல்லும் பெண்ணியமும் இருக்கிறது. 1974 மார்ச்சில், ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, ரேணி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவியின் பின்னால் நின்று காட்டைக் காத்தார்கள். வந்தனா சிவா 1988இல் எழுதிய 'ஸ்டேயிங் அலைவ்' இந்தச் சிப்கோ பெண்களிடம் இயற்கையோடு ஒன்றிய ஒரு பெண்மைத் தத்துவத்தைக் கண்டது. மாணவியாக இருந்தபோது அதைப் படித்துப் புல்லரித்திருக்கிறேன். பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அவர் கேட்பது எளிமையான கேள்வி: எந்தப் பெண்? விறகும் தழையும் தண்ணீரும் கொண்டுவரும் பொறுப்பு பெண் தலையில் இருப்பதால், நிலம் அவள் பெயரில் இல்லாததால், காடு அழிந்தால் முதலில் அடிபடுவது அவள். உறவு அங்கேதான் பிறக்கிறது, கருப்பையில் இல்லை. வர்க்கமும் சாதியும் மாறினால் அந்த உறவும் மாறும். எங்கள் ஏரியில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அது ஜன்னல். இன்னொருத்திக்கு அது கழிப்பறை, பாம்பு, வெள்ளம், வாடகை இல்லாத வீடு. 'பெண்கள் இயற்கையின் காவலர்கள்' என்று மகளிர் தினத்தன்று எங்கள் குழு பதிவு போட்டபோது இருவரில் யாரைச் சொன்னோம்?

ஒரு கணக்குப் புத்தகம் விவகாரத்தைத் திருப்பியது. நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள். அடுக்ககச் சங்கத்தின் வருடாந்திரக் கணக்கு சரிபார்க்க என்னிடம் வரும். எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும். மாதாமாதம் அந்தச் செலவு இருந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 60 வீட்டுக்காரர்களும் மழைக்காலத்தில் கழிப்பறைக்கே போகாமல் இருக்க மாட்டோம். பெரியவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்கால்வாயை ஒட்டி நடந்தேன். சுற்றுச்சுவரின் அடியில், செடிகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் குழாய். மழை இருட்டில் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆகாயத்தாமரை சாக்கடை கலந்த தண்ணீரில்தான் அப்படிச் செழிக்கும் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். எட்டு மாதமாக முதுகு ஒடிய நான் பிடுங்கியது என் வீட்டுக் கழிப்பறை தீனி போட்டு வளர்த்த செடியை.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அமைதியானது. பிறகு ஒருவர், "அதை ஏன் மேடம் மினிட்ஸ்ல ஏத்தணும்?" என்றார். குழாய் இப்போது அடைக்கப்பட்டிருக்கிறது. லாரிச் செலவுக்காக மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் 350 ரூபாய் கூடியதற்கு இன்றும் சிலர் என்னோடு பேசுவதில்லை.

குழு இரண்டானது. பேனரும் கோணிப்பைகளும் அவர்களோடு போய்விட்டன. எங்கள் பக்கம் பெண்கள் ஆறு பேர், பெரியவர் ஒருவர். இடையில் அந்த மனு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. வடகரைச் சுவர்களில் சிவப்பு எண்கள் அழியாமல் இருக்கின்றன. நாங்கள் வேறொரு மனு எழுதியிருக்கிறோம். வடகரைத் தெருவுக்குத் தண்ணீர் வசதியோடு பெண்கள் கழிப்பறை, கரையில் விளக்கு, நகர்த்துவதென்றால் இதே ஊர் எல்லைக்குள் மாற்று வீடு. அந்தத் தெருவிலிருந்து வந்த முதல் கையெழுத்து 17ஆம் எண் வீட்டினுடையது. எங்கள் அடுக்ககத்தில் 60 வீட்டில் இதுவரை ஒன்பது.

ஞாயிறு வேலையை நிறுத்திவிட்டேன், அதாவது அவருடைய ஞாயிறு வேலையை. அந்த 800 ரூபாயைக் குறைக்கவில்லை. இட்லி என் கணவர் ஊற்றுகிறார். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. "நீங்களும் ஒருநாள் கரைக்கு வாங்க, சும்மா உக்காந்து பேசலாம்" என்று அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "கிடைக்கிறது ஒருநாள், தூங்க விடுங்கக்கா" என்றார்.

கையெழுத்து வாங்க இந்த ஞாயிறும் வடகரைக்குப் போக வேண்டும். முன்பு ஒருநாள் வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஐந்து மணிக்கே கிளம்பி, கரையேறியதும் இருட்டில் யாரோ அவசரமாக எழுந்து புடவையைச் சரிசெய்யும் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தேன். இப்போதெல்லாம் நன்றாக வெளிச்சம் வரும்வரை வாசலிலேயே காத்திருந்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.